நெடுக்கே அறுத்த வினாவிடை

என் மனைவியின் அண்ணன் கல்யாணப் பந்திகளில் ஒரு கதை சொல்கிறார். நான் பாய்லர் டிக்கெட், அதாவது பாய்லர் ஓட்டும் லைசென்சு, வாங்கியதற்கு அவர்தான் காரணமாம். தன் புத்தகத்தில் பாதியை எனக்குக் கொடுத்து, எப்படிப் படிக்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தாராம்.

"வாயத் தொறக்காத மனுசன். நான் இல்லேன்னா இன்னிக்கும் உமிதான் அள்ளிக்கிட்டிருப்பாரு" என்பார். பந்தியில் இருப்பவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் என் இலையைப் பார்ப்பேன். நாலு பேர் நடுவில் மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. எழுத வரும். பாதிப் புத்தகம் கொடுத்தார் என்பது உண்மை. எப்படிக் கொடுத்தார் என்பதை அவர் எந்தப் பந்தியிலும் சொன்னதில்லை.

அப்போது நாங்கள் இருவரும் சுங்கை பினாங்கு ஆற்றோரம் தவுக்கே என்று நாங்கள் கூப்பிட்ட ஒரு சீன முதலாளியின் அரிசி ஆலையில் பாய்லருக்கு நெருப்புப் போடுகிறவர்கள். ஆலையில் குத்தும் நெல்லின் உமிதான் அதற்குத் தீனி. உமி போட்ட வேகத்தில் எரிந்துபோகும். மண்வாரியைக் கீழே வைக்க நேரமிராது. கண் இமையெல்லாம் சாம்பல் படிந்து வீட்டுக்கு வருவோம். வீடு அவருடையது. கல்யாணமான புதிதில், வாடகைக்கு ஓர் இடம் கிடைக்கும்வரை என்று சொல்லி அங்கே போனேன். கிடைக்கவில்லை. அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே வேலை, ஒரே கூலி. இருந்தும் அவர் வீட்டுக்காரர், நான் வீட்டோடு மாப்பிள்ளை. "மாப்ளைக்கு இன்னும் ரெண்டு கரண்டி போடு தங்கச்சி. நம்ம வீட்டுச் சோறுதானே, கூச்சம் என்னத்துக்கு?" என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி சொல்வார். அதற்குமேல் எனக்குச் சோறு இறங்காது. மிச்சம் வைத்தால் அதற்கும் ஒரு பேச்சு இருக்கும்.

பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான டிரைவர் வேலையை விட்டு ஊருக்குப் போவதாகச் சொன்னார். எங்கள் இருவரில் யார் முதலில் டிக்கெட் வாங்கி வருகிறானோ அவனுக்கு அந்த வேலை என்று தவுக்கே சொல்லிவிட்டார். வேலையோடு இஞ்சின் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறையும் கிடைக்கும். பலகைச் சுவர், தகரக் கூரை, பகல் முழுதும் இஞ்சின் சத்தம். எனக்கு வேலையைவிட அந்த அறைதான் கண்ணிலேயே நின்றது. அதற்கு ஒரு கதவு இருந்தது. கதவுக்குள் மச்சான் இருக்கமாட்டார்.

டிக்கெட்டுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் வாய்மொழியாகக் கேள்வி கேட்பார். பக்கத்தில் அலுவலகக் குமாஸ்தாவான ஒரு தமிழ்க் கிராணி நின்று மொழிபெயர்ப்பார். கேட்பதெல்லாம் ஒரு புத்தகத்தில் இருக்கிறது என்று சொன்னார்கள். கடைத்தெருவில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. வேறு வழியில்லாமல் இருவரும் காசு போட்டு அதை வாங்கினோம். சென்னையில் அச்சடித்த வினாவிடைப் புத்தகம். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. கோட்டுக்கு இடப்பக்கம் வினாக்கள், வலப்பக்கம் விடைகள்.

வினாவிடை என்றால் எங்கள் காலத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். அந்த நாலு வகுப்பும் பாட்டாகவே போயிற்று. வாத்தியார் ஐந்தாம் வினாவைக் கேட்டால், முதல் வினாவிலிருந்து உதட்டுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு வந்துதான் ஐந்தைப் பிடிக்க முடியும். மச்சான் அப்படித்தான் தொடங்கினார். மாலையில் வேலை விட்டு வந்ததும் சம்மணமிட்டு, புத்தகத்தை மடியில் வைத்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு உரக்கப் பாடுவார். எனக்கு அது வராது. பிறர் வீட்டில் குரலை உயர்த்த எனக்குத் துணிவில்லை. அவர் குளிக்கப் போகும் நேரத்தில் புத்தகத்தை எடுத்து, விளங்காத இடங்களில் பென்சிலால் சின்னதாக ஒரு குறி போட்டேன். ஓரத்தில் 'இது எங்கே இருக்கிறது?', 'ஏன் இரண்டு?' என்று எழுதிவைத்தேன். மறுநாள் ஆலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான்.

ஒருநாள் அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"யாருலா இது, புஸ்தகத்துல கிறுக்கி வெச்சது?"

"அவருதான் அண்ணே. வெளங்காத எடத்துல குறி போட்டிருக்காரு" என்றாள் என் மனைவி.

"வெளங்காத எடத்துலயா? அப்ப அட்டையிலேருந்து அட்டை வரைக்கும்ல போடணும்! சரஸ்வதிலா இது. கோழி குப்பையக் கிண்டுன மாதிரி கிண்டி வெச்சிருக்காரு ஒம்புருசன்."

"பென்சில்தான். அழிச்சிடலாம்" என்றேன்.

"இவரு எழுதுவாராம், நாம அழிக்கணுமாம். பெரிய கிராணியாரு!"

"நானும்தானே காசு போட்டேன்."

அந்த வீட்டில் நான் அவரை எதிர்த்துச் சொன்ன முதல் பேச்சு அதுதான்.  அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

"சரிலா. பங்குதானே? பிரிச்சுக்குவோம்."

சாக்கு அறுக்கும் கத்தியை எடுத்துவந்தார். சரஸ்வதி என்று சொன்ன வாய் அல்லவா, முதலில் புத்தகத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு தரையில் விரித்து வைத்து, நடுக்கோட்டின் மேலேயே கத்தியை வைத்து, தாள் தாளாக நெடுக்கே அறுத்தார். என் மனைவி "வேணாம் அண்ணே, வேணாம் அண்ணே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைசித் தாள் வரை நிறுத்தவில்லை.

"மாப்ளைக்குக் கேள்வி கேக்கத்தானே பிரியம்? கேள்வி பூரா நீங்களே வச்சுக்குங்க. வெடை எனக்கு" என்று தையலோடு இருந்த உட்பாதியை என் பக்கம் தள்ளினார். வெளிப்பாதித் துண்டுகளை அடுக்கித் தன் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

தாளுக்கு இரண்டு முகம் என்பதை அவர் யோசிக்கவில்லை. முன்பக்கத்தில் விடை இருக்கும் துண்டைத் திருப்பினால், பின்பக்கத்தில் அடுத்த பக்கத்தின் வினா இருக்கும். என்னுடைய பாதியும் அப்படித்தான். ஒரு பக்கம் முழுதும் விடையில்லாத வினா, மறுபக்கம் முழுதும் வினாவில்லாத விடை. மறுநாள் காலையில் அவர் தம் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த அறையை அவரோடு பங்கு போட்டுக்கொள்ள முடியாதே.

அவர் தம் துண்டுகளைச் சணல் நூலில் கோத்து, பழையபடி பாடத் தொடங்கினார். முதல் துண்டின் பின்பக்கத்தில் இருந்த வினாவைப் பாடி, அதன் பின்னாலேயே இரண்டாம் துண்டின் முன்பக்கத்து விடையைப் பாடினார். அந்த வினாவின் விடை என்னிடம் இருந்தது. அவர் பாடியது வேறொரு வினாவின் விடை. "நீர்மட்டக் கண்ணாடியை எப்போது சோதித்தல் வேண்டும்? ஈயத்தினால்!" என்று நீட்டிப் பாடினார். ராகத்தில் இடிக்கவில்லை. அவருக்கும் இடிக்கவில்லை.

எங்களுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் என் பாதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விடையில்லாத வினா ஒன்றை எடுத்துக்கொள்வேன். கண்ணை மூடி ஆலையின் பாய்லரைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவேன். என் புத்திக்குத் தோன்றிய பதிலை எனக்குள் சொல்லிக்கொள்வேன். மறுநாள் மண்வாரியோடு நிற்கும்போது அந்த இடத்தை நேரில் பார்ப்பேன். 'காப்பு வாயில் இரண்டு இருப்பது ஏன்?' என்று புத்தகம் கேட்டது. காப்பு வாயில் என்றால் என்னவென்றே தெரியவில்லை. ஆவி மிஞ்சினால் தானே திறந்து ஊதும் வால்வு என்று பிடிபடவே எனக்கு நெடுநேரமாயிற்று. ஒன்று சிக்கிக்கொண்டால் மற்றது ஊதட்டும் என்றுதான் இரண்டு என்று நானே முடிவு செய்தேன். அன்று மாலை தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து, சம்பந்தமில்லாத ஒரு வினாவின் வாலில், "ஒன்று பழுதுபடின் மற்றொன்று காக்கும்" என்று பாட்டு வந்தது. கொடுக்கமாட்டேன் என்று கத்தியால் அறுத்தவர் தாமே பாடிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதையும் தாம் செய்த உதவி என்று அடுத்த பந்தியில் அவர் சொன்னால் சொல்லட்டும்.

எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. ஆவி மிஞ்சினால் முதலில் என்ன செய்வது என்பதற்கு நான் வால்வைத் திறப்பது என்று வைத்திருந்தேன். பாட்டில் "காற்றுக் கதவை மூடுக" என்று வந்தது. காற்று இல்லாவிட்டால் நெருப்புத் தணியும், நெருப்புத் தணிந்தால் ஆவி தணியும். உமி அள்ளிப் போடுகிறவனுக்கே இது தோன்றவில்லையே என்று என்மேலேயே கோபம் வந்தது. இப்படித் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொண்டவைதாம் எனக்குப் பிறகு மறக்கவே இல்லை. முதல் தடவையே சரியாகச் சொன்னவை சில மறந்துபோயின.

பார்க்கிறவர்களுக்கு மச்சான் படிக்கிறார், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவிக்கே கவலை வந்துவிட்டது.

"நீங்க படிக்கவே இல்லியே? அண்ணன் தொண்டை கட்டுற அளவுக்குப் படிக்குது."

"உங்கண்ணன் படிக்கிறது பொருந்தலே. கேள்விக்குப் பின்னால வேற கேள்வியோட வெடைய ஒட்டிப் பாடுறாரு. போய்ச் சொல்லு."

அவள் தடுப்பைச் சுற்றிப் போய்ச் சொன்னாள். பதில் எனக்கு நேராகவே வந்தது. தடுப்பு இருந்ததால் அவர் கத்த வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

"பொறாமைலா, பொறாமை! என் பாட்டு மனசுல ஏறிடுச்சுன்னு ஒம்புருசனுக்கு வயிறு எரியுது. நெருப்புப் போடுறவன்தானே, வயித்துலயும் போட்டுக்குறாரு. காத வெச்சு ஒட்டுக் கேக்குறாரா? இனிமே ஒரு எழுத்துக் கேக்காது பாரு!"

அன்று முதல் அவர் முணுமுணுக்க மட்டுமே செய்தார். புத்தகத்தில் பாதிக்குமேல் எனக்கு மீதியிருந்தது. இனி ஒத்துப் பார்க்கப் பாட்டும் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம், அவர் பாடு என்று விட்டுவிட்டேன்.

வினாவுக்கு விடை தேடுவதைவிட விடைக்கு வினா தேடுவது கடினம். 'ஆம். இருபுறமும்.' என்றிருக்கும். எதன் இருபுறம்? 'மெழுகுதிரி வெளிச்சத்தில்.' என்றிருக்கும். எதைப் பார்ப்பதற்கு? பாய்லரைச் சுத்தம் செய்யும் நாளில், உள்ளே புகுந்த ஆள் மெழுகுதிரி கேட்டபோது அது புரிந்தது. தையல் ஓரத்தில் கிடைத்த சிறு இடத்தில், நான் கண்டுபிடித்த வினாவை எழுதி வைத்தேன். ஒரே விடைக்கு இரண்டு வினாப் பொருந்தினால் இரண்டையும் எழுதினேன். இப்போது கிறுக்கக்கூடாது என்று சொல்ல ஆளில்லை. சரஸ்வதியை அவர்தான் அறுத்துவிட்டாரே.

ஒரு விடை மட்டும் பிடிகொடுக்கவில்லை. 'இல்லை. ஒருபோதும் கூடாது. முதலில் தீயை வெளியே இழுத்துவிட வேண்டும்.' புத்தகம் முழுதும் அமைதியாகப் பேசிய ஆள் இந்த ஓர் இடத்தில் அதட்டினார். எது கூடாது? நெருப்பு எரியும்போது பாய்லரில் உள்ள தண்ணீரை வெளியே திறந்துவிடக் கூடாது என்று ஒன்றை எழுதினேன். பொருந்தியது. ஆனால் அதைச் செய்கிற மடையன் எந்த ஆலையிலும் இருக்கமாட்டான். இவ்வளவு அதட்டுவதானால், எல்லோருக்கும் கை துறுதுறுக்கும் ஒரு காரியமாக இருக்க வேண்டும். அது என்னவென்று தெரியாமல் போய் உட்கார்ந்தால், துரை அதைத்தான் கேட்பார் என்று எனக்குள் ஒரு பயம் ஏறிவிட்டது.

அதை மச்சானே காட்டினார். இதற்கும் அவருக்கு நன்றி கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுப்பில் மீன் குழம்பு வற்றிப்போய்ச் சட்டி காய்ந்து தீய்கிற வாடை வந்தது. என் மனைவி கொல்லைப்புறம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் எழுந்து ஓடி, குடத்திலிருந்து ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை மொண்டு சட்டிக்குள் ஊற்றினார். சட்டி படாரென்று இரண்டாகப் பிளந்தது. அடுப்பு அணைந்து, சாம்பலும் குழம்பும் அவர் காலில் கொட்டின.

"அடுப்ப இப்பிடி எரிய விட்டுட்டு எங்கடி போனே? புருசனும் பொஞ்சாதியும் சேந்து என் வீட்டக் கொளுத்தத்தான் போறீங்க!" என்று அவளைத் திட்டினார். அவள் ஈரக் கையோடு நின்று அழுதாள். அவளுக்குப் பரிந்து நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.  பிளந்த சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாய்லரின் நீர்மட்டக் கண்ணாடியில் தண்ணீர் தெரியவில்லை என்றால் யாருக்கும் முதலில் கை துறுதுறுப்பது தண்ணீர் விடத்தான். காய்ந்து சிவந்த இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஆலையே இருக்காது. உள்ளே போய் என் பாதியை எடுத்து அந்த வினாவை எழுதினேன். அன்று இரவுச் சோறு அந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் இறங்கவில்லை. ஆனால் அந்த அறை கொஞ்சம் கிட்டத்தில் வந்த மாதிரி இருந்தது.

பரீட்சைக்கு ஒரே நாளில் எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் ரிக்‌ஷாவில் போனார். நான் நடந்து போனேன். துரையின் அறைக்குப் பாதிக் கதவுதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு உள்ளே பேசுவதெல்லாம் கேட்டது. அவரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

கிராணி கேட்டார்: "கிளாஸ்ல தண்ணி தெரியலே. ஒடனே தண்ணி விடலாமா?"

உள்ளே முணுமுணுப்பு மட்டும் கேட்டது. மச்சான் முதலிலிருந்து உதட்டுக்குள் ஓட்டிக்கொண்டு வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. துரை ஏதோ கேட்டார்.

"என்னய்யா மந்திரமா செபிக்கிறே? தொரை கேக்குறாரு, பதில் சொல்லு" என்றார் கிராணி.

வினாவைப் பிடித்துவிட்டார் போலிருக்கிறது. கணீரென்று சொன்னார்: "ஆம். வாரம் ஒருமுறை தவறாமல் செய்தல் வேண்டும்!"

"ஏன்யா, பாய்லர் என்ன சனிக்கெழம சனிக்கெழம எண்ண தேச்சுக் குளிக்கிற ஆளா?"

துரைக்கு அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது, அவரும் சிரித்தார். பிறகு கேட்டதெல்லாம் அப்படியே போயிற்று. மச்சான் வெளியே வந்தபோது என்னைப் பார்க்கவில்லை.

நான் உள்ளே போனேன். முதல் கேள்விக்கு வாய் திறக்கவில்லை. பதில் தெரியும், குரல்தான் வரவில்லை. "இவன் ஊமை போலிருக்கு" என்று கிராணி முனகினார். துரை தாளில் ஏதோ எழுதப் போனார். அந்தப் பேனாவைப் பார்த்ததும் எனக்கு ஆலை அறையின் கதவு சாத்தப்படுவது போலிருந்தது. "கேளுங்கய்யா, சொல்றேன்" என்றேன். மச்சானிடம் கேட்டதையே கேட்டார்கள்.

"கூடாதுங்க. எப்பவுமே கூடாது. மொதல்ல நெருப்ப வெளிய இழுத்துடணும்."

"ஏன்?"

"காஞ்ச சட்டியில பச்சத்தண்ணி ஊத்துனா வெடிக்கும்ங்க."

"பாய்லரப் பத்திக் கேட்டா சட்டியச் சொல்றான்" என்றார் கிராணி. ஆனாலும் அப்படியே மொழிபெயர்த்தார். துரை பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். முன்னும் பின்னுமாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் கேட்டார். ஒன்றிரண்டு தப்பாயிற்று. டிக்கெட் கிடைத்தது.

வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். "கிராணியக் கையில போட்டுக்கிட்டீங்களா மாப்ள?" என்றார். அந்த வாரமே சட்டிபானையோடு ஆலை அறைக்குப் போய்விட்டோம். என் மனைவி அங்கே முதலில் செய்த காரியம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தது. இஞ்சின் சத்தத்தில் நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்காது. எனக்கு அது தொந்தரவாகப் படவில்லை.

கொஞ்ச காலம் கழித்து, மறுபடி பரீட்சைக்குப் போவதாகச் சொல்லி, என் பாதியைக் கேட்டு மச்சான் வந்தார். அவர் வாசலில் நின்றார், நான் உள்ளே கூப்பிடவில்லை. அவரிடமிருந்த ஒரு துண்டை வாங்கி, நடுவில் இருந்த வினா ஒன்றைக் கேட்டேன்.

"இருலா, மொதல்லேருந்து வர விடு" என்றார்.

என் பாதியைக் கொடுத்துவிட்டேன். முழுதாகக் கிடைத்தாலும் அவர் பாடத்தான் போகிறார் என்று தெரிந்த பிறகு கொடுப்பதற்கு என்ன? சோற்றுப் பசையால் இரண்டையும் தாள் தாளாக ஒட்டினாராம். இந்தத் தடவை வினாவும் விடையும் பொருந்தத்தான் பாடினார். துரை முதல் வினாவிலிருந்து தொடங்கவில்லை. மறுபடி தோற்றுவந்து மச்சான் புத்தகத்தைப் பரணில் போட்டார். கரப்பான் பூச்சிகள் வந்து, மேலிருந்து கீழாக அந்தப் பசையை மட்டும் தின்றுவிட்டன. புத்தகம் மறுபடி இரண்டாகிவிட்டது.

அதுவும் என்னால்தானாம். என் பாதியில் பென்சில் கிறுக்கல் இருந்ததால் பசை சரியாகப் பிடிக்கவில்லையாம். பந்தியில் பாயசம் வரும்போது அதைச் சொல்வார்.